பரிசு கொடுங்கள், மார்க்கை வாசிக்காதீர்கள்

எங்கள் ஊர்க் கல்விப் பரிசு விழாக் குழுவில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும், வருஷந்தோறும் சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் அதற்குப் பணம் அனுப்பும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேருக்கு நான் கணக்கு எடுத்திருக்கிறேன், மீதிப் பேருடைய பிள்ளைகளுக்கு எடுத்திருக்கிறேன். ஓய்வு பெறும் வரை உங்கள் விழா மேடையில் ஆசிரியர்கள் வரிசையில் உட்கார்ந்தும் இருக்கிறேன். இந்த வருஷ அழைப்பிதழ் வீட்டுக்கு வந்துவிட்டது. வழக்கம்போலப் பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் முதல் மூன்று இடம் வந்த பிள்ளைகளின் படமும் மதிப்பெண்ணும் பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸாக நிற்கும், மைக்கில் ஒவ்வொரு பாடமாக வாசிக்கப்படும். அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். இது குழுவுக்குள் மட்டும் பேசி முடிக்கிற விஷயமில்லை, பிள்ளைகளைப் பெற்றவர்களும் படிக்க வேண்டும் என்பதால் திறந்த மடலாக எழுதுகிறேன்.

போன தை மாதம் எங்கள் வீட்டு முன்கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல் பதித்தோம். பழைய சிமெண்டுத் தரை வெடித்துப் பெயர்ந்துகொண்டிருந்தது. கல் பதிக்க வந்த மேஸ்திரி என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். இப்போது நாற்பது வயதை ஒட்டி இருக்கும். பெயரைப் போட வேண்டாம், நடந்ததை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். டேப்பைப் பிடித்துக் கூடத்தை அளந்தார். நீளம் 20 அடி, அகலம் பன்னிரண்டரை. பத்து அங்குலக் கல். சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "பார்டர் எழுபது, மூலை நாலு, உள்ளுக்குப் பூக்கல்லு இருநூத்து எண்பத்தாறு. ஒடைசலுக்கு ஒரு பதினஞ்சு சேத்துச் சொல்லிருவோம் டீச்சர்" என்றார்.

நான் உள்ளே போய்த் தாளில் போட்டுப் பார்த்தேன். நீளவாக்கில் 24 கல், அகலவாக்கில் 15, மொத்தம் 360. சுற்று வரிசையை எண்ணும்போது நான்கு மூலையையும் இரண்டு தடவை சேர்த்து 74-க்குப் பதில் 78 என்று எழுதுவது என் வகுப்பில் வருஷம் பத்துப் பேராவது செய்த பிழை. அவர் செய்யவில்லை. தாளும் பேனாவும் இல்லாமல் சுவரைப் பார்த்தே சரியாகச் சொல்லிவிட்டார்.

"கணக்குல பிரமாதமா இருக்கியேப்பா" என்றேன். அவர் குனிந்து கல்லைத் துடைத்துக்கொண்டே, "பப்ளிக்ல எனக்குக் கணக்கு முப்பத்தொண்ணு டீச்சர்" என்றார்.

எனக்கு அது நினைவில் இல்லை. அவருக்கு இருந்தது. எண் மட்டுமல்ல, அதற்குப் பிறகு நடந்த விழாவும் இருந்தது. அந்த வருஷம் பள்ளியில் அவரைத் தவிர எல்லோரும் தேர்ச்சி. மேடையில் பேசிய ஒருவர், "ஒரே ஒரு பையனால் நூற்றுக்கு நூறு போய்விட்டது" என்று வருத்தப்பட்டார். பெயரைச் சொல்லவில்லை. நம் ஊர் அளவுக்குப் பெயர் தேவையும் இல்லை. அந்தப் பையனும் அவன் ஆத்தாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், ஏனென்றால் அவன் தங்கைக்கு அன்றைக்குக் கையெழுத்துப் பரிசு. "எங்க ஆத்தா எந்திரிச்சுப் போயிருக்கலாம். போகல டீச்சர். தங்கச்சி பரிசு வாங்குற வரைக்கும் தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு." நானும் அந்த மேடையில் இருந்தேன். அந்தப் பேச்சுக்குக் கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அடுத்த தேர்விலேயே அவர் 44 வாங்கித் தேறிவிட்டார். அதை யாரும் எந்த மைக்கிலும் வாசிக்கவில்லை. இத்தனை வருஷமாகக் காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எத்தனையோ வீடுகளில் கல் பதித்திருக்கிறார். ஒரு வீட்டுக்காரர்கூடக் கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அளந்து எண்ணிக்கையைச் சொன்ன பிறகு, கல் வந்து இறங்கி, குறையாமல் மிஞ்சாமல் பதிந்து முடிகிற வரைக்கும் வயிற்றுக்குள் ஒரு பயம் இருக்குமாம். "தப்பாத்தான் இருக்கும்னு தோணிக்கிட்டே இருக்கும்" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் தப்பவில்லை. பயமும் போகவில்லை.

பள்ளிக்கூட மார்க் பின்னாளில் உதவுமா டீச்சர் என்று பெற்றவர்கள் என்னைக் கேட்காத வருஷம் கிடையாது. அலுவலகங்கள் அதைச் சீக்கிரம் மறந்துவிடும் என்று மட்டும் இதுவரை சொல்லி வந்தேன். வாங்கியவர் மறப்பதில்லை என்பதை என் வீட்டுக் கூடத்தில் தெரிந்துகொண்டேன். மறக்க முடியாதபடி செய்ததில் நம் மேடைக்குப் பங்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

மார்க் எப்படிப் பிறக்கிறது என்று உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பல ஏப்ரல் மாதங்களைத் திருத்தும் மையத்தில் கழித்தவள். விடைத்தாளில் பெயர் இருக்காது, பதிவெண்ணும் மறைந்திருக்கும். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. மேசைமேல் விடைக்குறிப்பு, கீ என்போம். கணக்கில் எந்தப் படிக்கு எத்தனை மார்க் என்று அதில் பிரித்துக் கொடுத்திருப்பார்கள், அதற்குமேல் நாங்களாகக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நாங்கள் திருத்தியதை எஸ்.ஓ. என்கிற கூர்ந்தாய்வு அலுவலர் வாங்கிக் கூட்டல் சரிபார்ப்பார். சி.இ. என்கிற முதன்மைத் தேர்வாளர் சில தாள்களை எடுத்து மறுபடி திருத்திப் பார்ப்பார். ஒரு முறை நான் 58 என்று போட்ட தாளை எஸ்.ஓ. திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். உள்பக்கம் ஒன்றில் 9 மார்க் கூட்டலில் சேராமல் கிடந்தது. அந்தப் பிள்ளைக்கு 67. மதியம் மூன்று மணி, வெக்கை, எத்தனையாவது தாள் என்று எண்ணிக்கை தவறிப்போன நேரம். இதெல்லாம் காரணம்தான், ஆனால் அவர் பார்க்காமல் விட்டிருந்தால் அந்த 58-ஐத்தான் ஏதோ ஒரு ஊர் மேடையில் யாரோ வாசித்திருப்பார்கள், அல்லது வாசிக்காமல் விட்டிருப்பார்கள். மறுகூட்டலும் மறுமதிப்பீடும் அரசு வைத்திருப்பதே இப்படி நடக்கும் என்று தெரிந்துதான்.

இதைச் சொன்னதும் தேர்வே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கூலிக்காரர் மகளின் தாளும் பெரிய வீட்டுப் பிள்ளையின் தாளும் பெயரில்லாமல் ஒரே கட்டில் இருக்கிற இடம் நம் நாட்டில் அது ஒன்றுதான். அந்தத் தராசு எனக்கு மிகவும் பிடித்த தராசு. ஆனால் அது நிறுப்பது என்ன? ஒரு மார்ச், ஏப்ரல் காலையில் சில மணி நேரத்துக்குள் அந்தப் பிள்ளை தாளில் இறக்கி வைத்த பாடம். அவ்வளவுதான். 34-க்கும் 35-க்கும் நடுவில் இருப்பது ஒரு படி. அந்த ஒரு படியை எழுதாமல் விட்டவனை ஊர் எதற்காகக் கடைசி வரிசையில் உட்கார வைக்க வேண்டும்?

மார்க் எங்கே உண்மையாகவே வேலை செய்கிறது என்பதையும் நான் மறைக்கக் கூடாது. "மார்க்கா முக்கியம்? மனசுதான் முக்கியம்" என்று மேடையில் பேசிவிட்டுப் போகிறவர்கள் ஏழைப் பிள்ளைக்குத் துரோகம் செய்கிறார்கள். பத்தாம் வகுப்பு மார்க்தான் பதினோராம் வகுப்பில் எந்தக் குரூப் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. பொறியியலுக்கு 2007 முதல் நுழைவுத்தேர்வு இல்லை. பிளஸ் டூ கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப். காரைக்குடியில் இருக்கிற அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்ப் படிப்பதா, இல்லை கடன் வாங்கித் தொலைவில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்வதா என்பதை ஒன்றிரண்டு மார்க் தீர்மானித்துவிடும். கிராம அஞ்சலகங்களில் ஜி.டி.எஸ். என்கிற அஞ்சல் ஊழியர் வேலைக்குத் தனித் தேர்வே கிடையாது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே பட்டியல் போடுகிறார்கள். அதற்கு 40 வயது வரை விண்ணப்பிக்கலாம் என்பதால் பதினைந்து வயதில் வாங்கிய மார்க் அங்கே நெடுநாள் கூட வருகிறது. கல்லூரி வளாகத்துக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகள் பலவும் பத்திலும் பன்னிரண்டிலும் 60 சதவீதம் வேண்டும் என்று வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

என் சொந்தத் தொழிலிலேயே ஒன்று நடந்தது. 2014-இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்களைப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு எடுக்கும்போது, தகுதித் தேர்வுக்கு 60, பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 10, பட்டப்படிப்புக்கு 15, பி.எட்.டுக்கு 15 என்று வெயிட்டேஜ் போட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு மார்க் போட்ட காலத்தில் பிளஸ் டூ எழுதியவர்கள், தாராளமாக மார்க் விழத் தொடங்கிய பிறகு எழுதியவர்களோடு அந்தப் பழைய எண்ணை வைத்துப் போட்டியிட வேண்டியதாயிற்று. தகுதித் தேர்வில் நன்றாகவே தேறியும் வேலை கிடைக்காமல் போனவர்களை எனக்குத் தெரியும். பிறகு அந்த முறை கைவிடப்பட்டது. அவர்களில் சிலருக்கு அதற்குள் வயது போய்விட்டது.

எனவே மார்க் வேண்டும். எங்கே, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று தெரிந்து வேண்டும். மற்ற இடங்களில் அது எவ்வளவு சீக்கிரம் செல்லாமல் போகிறது என்று பாருங்கள். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி இருந்தால் போதும், 35 வாங்கியவரும் 95 வாங்கியவரும் ஒரே ஹாலில் சமமாக உட்காருகிறார்கள். மருத்துவத்துக்கு 2017 முதல் நீட் வந்ததால், பிளஸ் டூ மார்க் அங்கே தகுதிக்குமேல் எண்ணப்படுவதில்லை. 1,200-க்கு 1,170 வாங்கியவர் என்றால் ஒரு காலத்தில் ஊரே திரும்பிப் பார்க்கும். பிளஸ் டூ 600 மார்க்குக்கு மாறிவிட்ட பிறகு படித்த பிள்ளைகளிடம் அதைச் சொன்னால் எதற்கு எத்தனை என்று விளக்க வேண்டியிருக்கிறது. 2021-இல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு மார்க்கிலிருந்து பாதி, பிளஸ் ஒன்னிலிருந்து 20 சதவீதம், செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 30 சதவீதம் என்று கூட்டிக் கொடுத்தார்கள். அதே வருஷம் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் சான்றிதழில் மார்க்கே இல்லை, தேர்ச்சி என்று மட்டும் இருந்தது. அந்தப் பிள்ளைகள் யாரும் வாழ்க்கையில் நின்றுபோகவில்லை. நம் தெருவிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள், ஒருத்தி நர்சிங் முடித்து மதுரையில் வேலை பார்க்கிறாள்.

தோற்றவரைப் பற்றியே சொல்கிறேனே, முதலிடம் வந்தவர் சந்தோஷமாகத்தானே இருக்கிறார் என்று கேட்பீர்கள். ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவளும் என் மாணவிதான், பள்ளியிலேயே பிளஸ் டூவில் முதலிடம். அவள் படம் போட்ட ஃபிளெக்ஸ் தீபாவளி வரை பஸ் ஸ்டாப்பில் நின்றது. வெளியூரில் பொறியியல் சேர்ந்தாள். முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பர் அரியர். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் போய் உட்காரும் பிள்ளைக்கு அது சாதாரணம், இரண்டு செமஸ்டரில் சரியாகிவிடும். அவளுக்கும் சரியாயிற்று. ஆனால் வீட்டில் சொல்ல முடியவில்லை. கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தால் தேர் பார்க்க நிற்கிற இடத்தில், "நம்ம ஊரு ஃபர்ஸ்டுல்ல நீயி, அங்கயும் நீதான ஃபர்ஸ்டு?" என்று பாசமாகத்தான் கேட்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து அவள் திருவிழாவுக்கு வரவில்லை. கல்யாணத்தையும் ஊரில் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இன்றைக்குக் கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறாள், என்னோடு போனில் மணிக்கணக்காகப் பேசுவாள். ஊருக்கு வா என்றால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள். நாம் பெருமைப்படுத்தத்தான் அந்த ஃபிளெக்ஸை வைத்தோம். நம் பிள்ளையை நமக்கு இல்லாமல் செய்துகொண்டோம்.

உங்கள் விழாவால் கிடைத்த நன்மையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவளாவேன். சமையல் வேலைக்குப் போகும் ஒருவரின் மகள் பத்தாவதில் 462 வாங்கினாள். போதும், வீட்டில் இருக்கட்டும் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். நான் இரண்டு தடவை போய்ப் பேசியும் அசையவில்லை. விழாவில் குழுத் தலைவர் ஆச்சி அவளுக்குப் பரிசைக் கொடுத்துவிட்டு, அவள் அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்து, "படிக்க வைங்க, நாங்க இருக்கோம்" என்றார். அந்த மனிதர் மேடையிலேயே அழுதுவிட்டார். அடுத்த வாரம் பதினோராம் வகுப்பில் சேர்த்தார். நான் இரண்டு தடவை பேசி முடியாததை ஆச்சியின் ஒரு சொல் முடித்தது. அதனால்தான் விழாவை நிறுத்துங்கள் என்று நான் எழுதவில்லை. அவளுக்கு உதவியது 462 என்று மைக்கில் வாசித்ததா, ஆச்சி கையைப் பிடித்ததா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

என் அப்பா ஒரு வளவு வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். நான் கணக்குக்கு வந்ததே அவருடைய பேரேட்டைப் பார்த்துத்தான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பையன்களை அனுப்பிய கதையெல்லாம் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதினைந்து வயதுக்குள் கடையில் எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையனாகக் கொண்டுபோய் விடுவார்கள். கணக்கு எழுதக் கற்றுக்கொண்டு அடுத்தாள் ஆவான், பிறகு கடையைப் பார்க்கும் பொறுப்புக்கு வருவான். மூன்று வருஷத்துக்குச் சம்பளச் சீட்டு. மூன்று வருஷம் முடிந்து ஊருக்கு வந்தால் மறுபடி புதுச் சீட்டு, வேலையைப் பார்த்துச் சம்பளம் ஏறும். முதல் வருஷம் கூட்டலில் தப்பு விட்ட பையனை மேலாள் பக்கத்தில் உட்கார வைத்துத் திருத்துவாரே தவிர, ஊரைக் கூட்டி அறிவித்ததில்லை. ஐந்தொகை, அதாவது கடையின் வரவு செலவு, சொத்து கடன் எல்லாம் சேர்த்துப் போடும் கணக்கு, வருஷா வருஷம் புதிதாக எடுக்க வேண்டியது, போன வருஷத்து ஐந்தொகையை வைத்து இந்த வருஷத்துக் கடையை எடை போட முடியாது என்பார் அப்பா. 1942-இல் பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கால்நடையாக வந்து சேர்ந்த குடும்பங்கள் நம் பக்கத்தில் எத்தனை! அவர்கள் ஐந்தொகையில் அந்த வருஷம் என்ன இருந்திருக்கும்? அதற்குப் பிறகும் எழுந்தார்கள் அல்லவா? அந்த ஊர்க்காரர்கள் நாம், பதினைந்து வயதுப் பிள்ளையின் ஒரே ஒரு தாளை அவன் ஆயுசுக்கும் பேரேடு ஆக்கலாமா?

கோட்டையூர் அழகப்பச் செட்டியாரைப் பற்றி ஒவ்வொரு விழாவிலும் பேசுகிறோம். அவர் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அவர் கட்டியவை எல்லாம் பிள்ளைகள் உள்ளே வருவதற்கான கதவுகள். முதல் மூன்று பேரைப் பொறுக்கி எடுத்துப் பொன்னாடை போர்த்தி, மீதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவதற்கு அவ்வளவு நிலம் தேவைப்பட்டிருக்காது.

அதே மேடையில் கண்ணதாசனும் வருவார். சிறுகூடற்பட்டியில் பிறந்து எட்டாம் வகுப்போடு நின்றவர் என்று சொல்லி, தோற்ற பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்வார்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். முன்வரிசைக்குப் பரிசு, பின்வரிசைக்குக் கண்ணதாசன் என்று கொடுத்தால் பின்வரிசைப் பிள்ளைக்கு அதில் ஒன்றும் இல்லை. அவனுக்குத் தேவை ஜூலையில் எழுதப்போகிற கணக்குத் தாளுக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது.

மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசே 2017 மே மாதம் நிறுத்திவிட்டது. அதுவரை முதலிடம் வந்த பிள்ளை வீட்டு வாசலில் காமிரா நின்ற காட்சியெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகளுக்கு அது பாரம் என்று அரசுக்குப் புரிந்து இத்தனை வருஷம் ஆயிற்று. நம் ஊர் ஃபிளெக்ஸில் மட்டும் அது இன்னும் நடக்கிறது.

நான் கேட்பது இதைத்தான். பரிசுத் தொகையை ஒரு ரூபாய் குறைக்க வேண்டாம். பத்தாம் வகுப்பு எழுதிய எல்லாப் பிள்ளைகளையும், தேறினாலும் தேறாவிட்டாலும், பெற்றவர்களோடு மேடைக்குக் கூப்பிடுங்கள். நம் பள்ளியில் ஐம்பது அறுபது பேருக்குமேல் வராது, நேரம் ஒன்றும் போய்விடாது. பெயரையும் அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்பதையும் வாசியுங்கள்: பதினொன்று, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., துணைத் தேர்வு. பாலிடெக்னிக் முடித்தவர் நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது நம் ஊரில் பாதி வீட்டுக்குத் தெரியாது. அதை மைக்கில் சொல்லுங்கள். பணத்தை அந்தந்த வழிக்கு எது தேவையோ அதற்குக் கொடுங்கள். கல்லூரிக் கட்டணமோ, பாலிடெக்னிக் விண்ணப்பமோ, துணைத் தேர்வுக் கட்டணமோ எதுவானாலும் சரி. 462 வாங்கிய பெண்ணின் அப்பா கையை ஆச்சி பிடித்ததுபோல 31 வாங்கிய பையனின் ஆத்தா கையையும் ஒருவர் பிடிக்க வேண்டும். எனக்கு இதில்தான் பிடிவாதம், மற்றதை நீங்கள் எப்படி மாற்றினாலும் சம்மதம்.

ஃபிளெக்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்றால், ரிசல்ட்டுக்கு முந்தின நாளே வையுங்கள், படம் இல்லாமல். 14417-ம் 104-ம் பெரிதாக இருக்கட்டும். ஒன்று பள்ளிக்கல்வித் துறை உதவி எண், மற்றொன்றில் மனசு உடைந்த பிள்ளைக்குப் பேச ஆள் கிடைக்கும். ரிசல்ட் வந்த அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளைகளை நான் போய்த் தட்டிக் கூப்பிட்டிருக்கிறேன். எல்லாக் கதவும் திறக்கவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் முடியாது.

மே மாதம் ரிசல்ட், ஜூலையில் துணைத் தேர்வு. நடுவில் கிடைப்பது சில வாரங்கள்தான். அந்த வாரங்களில் கல்யாண மண்டபத்தின் பின்கட்டு சாயங்காலம் சும்மாதான் கிடக்கிறது, முகூர்த்த நாள் தவிர. அதை எனக்குக் கொடுங்கள். கணக்கு நான் எடுக்கிறேன். அறிவியலுக்கும் ஆங்கிலத்துக்கும் என்னோடு ஓய்வு பெற்ற இரண்டு பேரிடம் கேட்டுவிட்டேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். யாருக்கும் சம்பளம் வேண்டாம். பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒரு டம்ளர் பாலும் சுண்டலும் கொடுக்க ஆச்சிமார்கள் ஏற்பாடு செய்தால் நன்றாக இருக்கும், பசியோடு வருவார்கள்.

மேஸ்திரியையும் கேட்டேன். மேடைக்கு வந்து இரண்டு வார்த்தை பேசு என்றேன். கண்டிப்பாக முடியாது என்று தலையாட்டினார். பிறகு பதித்து முடித்த கூடத்தின் ஓரத்தில் நின்று, மூலைக்கல்லைக் காலால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, "வகுப்புக்கு வேணா ஒரு நாள் வர்றேன் டீச்சர். பரப்பளவு நடத்துற அன்னைக்குச் சொல்லுங்க, கல்லு பத்துப் பதினஞ்சு எடுத்துட்டு வர்றேன். கையில வச்சு எண்ணுனா மூலைய ரெண்டு தடவ எண்ண மாட்டாங்க" என்றார்.

மண்டபத்துச் சாவி யாரிடம் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு டீச்சர்